முதன்முறை சஃபாரி செல்பவர்களுக்கு: காட்டைத் தேர்ந்தெடுப்பது முதல் காட்டுக்குள் காத்திருப்பது வரை

சஃபாரி செல்ல ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "புலியைப் பார்க்க முடியுமா?" என்பதுதான். எந்த வனத்துறை ஊழியரும் இதற்கு உறுதி சொல்ல மாட்டார். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஏறத்தாழ 3,682 புலிகள் வாழ்கின்றன. 2006இல் 1,411 என்று மதிப்பிடப்பட்ட நிலையிலிருந்து இது பெரிய மீட்சியே. ஆனால் 2012இல் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் வகுத்த நெறிமுறைகளின்படி, ஒரு காப்பகத்தின் மையப் பகுதியில் 20 விழுக்காட்டுக்கு மேல் சுற்றுலாவுக்குத் திறந்துவிடக் கூடாது. அதாவது புலி தன் நேரத்தில் பெரும்பகுதியை நம் வண்டி செல்ல அனுமதியில்லாத இடத்தில் கழிக்கிறது. அது அப்படி இருப்பதுதான் நல்லது.

ஆகவே புலி வருவது நம் கையில் இல்லை. எந்தக் காட்டுக்கு எந்த மாதத்தில் செல்கிறோம், எந்த வாயிலில் எந்த வண்டியில் நுழைகிறோம், நுழைந்தபின் ஓடுகிறோமா நிற்கிறோமா என்பவை நம் கையில் இருக்கின்றன. இவற்றில் கடைசியானதுதான் மிக முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். அதைச் சரியாகச் செய்வதற்கு முந்தைய முடிவுகள் ஒழுங்காக அமைய வேண்டும் என்பதால், வரிசைப்படியே பார்ப்போம்.

எந்தக் காடு?

சஃபாரி என்ற பெயரில் இருவேறு அனுபவங்கள் விற்கப்படுகின்றன என்பதைப் புதியவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பெங்களூரை அடுத்த பன்னேர்கட்டாவிலும் வண்டலூர் உயிரியல் பூங்காவிலும் நடப்பது வேலியிட்ட பரப்புக்குள் விடப்பட்ட விலங்குகளை வண்டியில் இருந்தபடி பார்ப்பது. குஜராத்தின் கிர் காட்டை ஒட்டியுள்ள தேவலியாவும் வேலியிட்ட பூங்காதான். காட்டின் நுழைவூரான சாசனிலிருந்து கிர் காட்டுக்குள் செல்லும் பயணம் அதிலிருந்து வேறுபட்டது. குழந்தைகளுக்கு அறிமுகமாக வேலியிட்ட பூங்கா பொருத்தமாக இருக்கலாம். காட்டைக் காண விரும்புகிறவர் முன்பதிவு செய்யும்போதே தாம் வாங்குவது எதற்கான சீட்டு என்று படித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து எளிதில் எட்டக்கூடியது முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே, வயநாடு ஆகியவை ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் பெருங்காடு. மாநில எல்லைகள் மனிதர்களுக்குத்தான். யானைக்கூட்டம் இந்த நான்கிலும் மாறி மாறி மேய்கிறது. முதுமலையில் தெப்பக்காட்டிலிருந்து வனத்துறையின் வாகனங்கள் கிளம்புகின்றன. பயண நேரம் குறைவு, செலவும் குறைவு. யானை, காட்டுமாடு, புள்ளிமான், கடமான், மயில் ஆகியவற்றைக் காணும் வாய்ப்பு நன்றாகவே உண்டு. காட்டுக்குள் உண்ணிச்செடி (லண்டானா) என்ற புதர் அடர்ந்து பரவியிருப்பதால் சாலையிலிருந்து பத்தடிக்கு அப்பால் நிற்கும் விலங்குகூடத் தெரியாமல் போகும் இடங்கள் இங்கே உள்ளன. அதனால் கண்ணைவிடக் காதைத்தான் அதிகம் நம்ப வேண்டியிருக்கும். நாகரஹொளேயின் தென்பகுதியான கபினியில் ஜீப், பேருந்து, படகு என மூன்று வழிகளிலும் செல்லலாம். ஆனைமலைப் பகுதியில் டாப்சிலிப்பும், அதைத் தாண்டிக் கேரளத்துக்குள் அமைந்த பரம்பிக்குளமும் ஒரே வழியில் வருபவை; பரம்பிக்குளம் கேரளத்தைச் சேர்ந்தது என்றாலும் அங்கு செல்லும் சாலை பொள்ளாச்சி வழியாகத்தான் போகிறது.

புலியைக் காணும் வாய்ப்பைப் பெருக்கிக்கொள்ள நினைப்பவர் மத்திய இந்தியாவுக்குச் செல்வதே முறை. மத்தியப் பிரதேசத்தின் கன்ஹா, பாந்தவ்கர், பெஞ்ச், மகாராட்டிரத்தின் தடோபா ஆகியவை சால், தேக்கு, மூங்கில் காடுகளும் இடையிடையே திறந்த புல்வெளிகளும் கொண்டவை. பார்வை தூரம்வரை செல்லும். சென்னையிலிருந்து தில்லி செல்லும் ரயில் பாதையில்தான் நாக்பூர் உள்ளது. அங்கிருந்து பெஞ்சுக்கும் தடோபாவுக்கும் சாலை வழியாகச் செல்லலாம். தடோபாவுக்கு மட்டும் என்றால் அதே பாதையில் உள்ள சந்திரப்பூரில் இறங்குவது இன்னும் பக்கம். கன்ஹாவைத் தேர்ந்தெடுப்பவருக்குப் புலி தவறினாலும் பாரசிங்கா என்ற சதுப்புநில மான் உண்டு. சதுப்பில் அல்லாமல் கெட்டியான நிலத்தில் வாழும் இதன் கிளையினம் 1970 வாக்கில் அறுபத்துச் சொச்சமாகச் சுருங்கி, அழிவின் விளிம்பிலிருந்து இந்தக் காட்டில்தான் மீட்டெடுக்கப்பட்டது. இந்த ஒரு காரணத்துக்காகவே முதல் வடக்குப் பயணத்துக்குக் கன்ஹாவைப் பரிந்துரைப்பேன்.

காண்டாமிருகத்துக்கு அசாமின் காசிரங்கா, சிங்கத்துக்குக் கிர் என்பதில் குழப்பமில்லை; ஆசியச் சிங்கம் காட்டில் வாழும் ஒரே நிலப்பகுதி கிர்ரும் அதைச் சூழ்ந்த இடங்களும்தான். காசிரங்காவில் கோஹோரா, பகோரி, அகரத்தோலி என்று தனித்தனிச் சரகங்கள் உள்ளதால், ஒரே சரகத்துக்கு இருமுறை செல்வதைவிட இரண்டு சரகங்களைப் பார்ப்பது நல்லது. உத்தராகண்டில் 1936இல் தொடங்கப்பட்ட கார்பெட், இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா. அதன் திகாலா பகுதியில் காட்டுக்குள்ளேயே உள்ள விடுதியில் இரவு தங்க முடியும் என்பது அதன் தனிச்சிறப்பு.

எந்த மாதம்?

மத்தியப் பிரதேசக் காப்பகங்களின் மையப் பகுதிகள் அக்டோபர் 1 முதல் ஜூன் 30 வரை திறந்திருக்கும், மழைக்காலத்தில் மூடப்படும். அங்கே புதன்கிழமை மாலையில் சஃபாரி கிடையாது. தடோபாவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இந்த ஒரு விவரத்தைக் கவனிக்காமல் ரயில் சீட்டு எடுத்துவிட்டு ஒரு நாளை விடுதியிலேயே கழித்தவர்கள் பலர். கிர் காடு ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரையும், திகாலா ஜூன் நடுவிலிருந்து நவம்பர் நடுவரையும் மூடப்படுகின்றன. பிரம்மபுத்திரா பெருகும் மாதங்களில் காசிரங்கா மூடியிருக்கும்.

திறந்திருக்கும் காலத்துக்குள்ளும் மாதத்துக்கு மாதம் காடு மாறுகிறது. அக்டோபர், நவம்பரில் எங்கும் பசுமை. புல் உயர்ந்து நிற்பதால் விலங்குகள் மறைந்துவிடும். டிசம்பர், ஜனவரியில் வெளிச்சம் மென்மையாக இருக்கும், பறவைகள் நிறைய. ஆனால் கன்ஹாவின் புல்வெளிகளில் உறைபனி படியும் அளவுக்குக் குளிரும். மார்ச்சிலிருந்து நீர்நிலைகள் வற்றத் தொடங்க, எஞ்சிய குளங்களை நோக்கி எல்லா விலங்குகளும் வந்தாக வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் புலி தண்ணீரிலேயே பின்னுடலை நனைத்தபடி படுத்திருப்பதைக் காணலாம். அதே மாதங்களில் தடோபாவின் வெயில் 45 டிகிரியைத் தொடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வயதானவர்களையும் சிறு குழந்தைகளையும் அழைத்துச் செல்பவர்களுக்குப் பிப்ரவரி இறுதியும் மார்ச் முதற்பாதியும் ஏற்ற காலம்.

கபினியின் கணக்கு வேறு. கோடையில் அணைநீர் வடிய, அதுவரை மூழ்கியிருந்த கரையில் இளம்புல் முளைக்கிறது. சுற்றுக்காடுகள் காய்ந்து கிடக்கும் அந்த வேளையில் யானைக்கூட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைக்கு இறங்கி வரும். மார்ச் முதல் மே வரை மாலைப் படகில் சென்றால் இதைக் காண நல்ல வாய்ப்புண்டு. காசிரங்காவிலோ காய்ந்த யானைப்புல் எரிக்கப்பட்டபின், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பார்வை தெளிவாக இருக்கும்.

கிளம்புவதற்கு முன்பு, பயண வாரத்தில் மீண்டும் ஒருமுறை காப்பகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். காட்டுத்தீ அபாயத்தாலோ, கனமழையாலோ, மனித-விலங்கு மோதலாலோ சஃபாரியைத் திடீரென நிறுத்துவதுண்டு. மைசூரு வட்டாரத்தில் புலி தாக்கி மனிதர்கள் இறந்ததை அடுத்து 2025 நவம்பரில் பந்திப்பூரிலும் நாகரஹொளேயிலும் சஃபாரி நிறுத்தி வைக்கப்பட்டது. அங்குள்ள விவசாயிகளின் உயிர் நம் விடுமுறையைவிடப் பெரிது என்பதால், இத்தகைய முடிவுகளை எரிச்சலின்றி ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அனுமதிச் சீட்டு

முதுமலையில் செய்வது போல வடக்கேயும் நேரில் சென்று வரிசையில் நின்று சீட்டு வாங்கிவிடலாம் என்று எண்ணிச் செல்ல வேண்டாம். மத்தியப் பிரதேசம், மகாராட்டிரம், இராஜஸ்தான் ஆகிய மாநிலங்களில் ஒவ்வொரு வாயிலுக்கும் ஒரு வேளைக்கு இத்தனை வண்டிகள் என்று எண்ணிக்கை வரையறுக்கப்பட்டு, அவை இணையத்தில் மாதங்களுக்கு முன்பே திறக்கப்படுகின்றன. தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறைகளுக்கான இடங்கள் திறந்த நாளிலேயே தீர்ந்துவிடும். அரசின் முன்பதிவுத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் பல உள்ளதால், மாநில வனத்துறையின் பக்கத்திலிருந்து தொடங்கி அது காட்டும் இணைப்பின் வழியாக மட்டும் செல்லுங்கள்.

பதிவு செய்யும்போது ஒவ்வொருவரின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் கேட்கப்படும்; அங்கே எந்த அட்டையைக் குறிப்பிட்டீர்களோ அதே அட்டையின் அசலை வாயிலில் காட்ட வேண்டும். ஆதார் எண்ணைக் கொடுத்துவிட்டு ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டுபோனால் வாதிட வேண்டியிருக்கும். சீட்டில் பெயர் மாற்ற இயலாது என்பதால், வருவார் வரமாட்டார் என்று ஐயமுள்ள உறவினரின் பெயரைச் சேர்ப்பதற்கு முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

செலவு மூன்று பகுதிகளாக வரும்: நுழைவு அனுமதி, வண்டி வாடகை, வழிகாட்டிக் கட்டணம். இணையத்தில் நீங்கள் செலுத்துவது பல இடங்களில் முதல் பகுதி மட்டுமே. மற்ற இரண்டையும் வாயிலில் தர வேண்டியிருக்கும். கேமராவுக்குத் தனிக் கட்டணம் கேட்கும் காப்பகங்களும் உண்டு. விடுதியின் வழியாகப் பதிவு செய்தால் இவை அனைத்தும் ஒரே தொகைக்குள் அடங்கியுள்ளனவா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மையப் பகுதிக்கு இடம் கிடைக்கவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். வெளிவட்டப் பகுதிகளுக்கும் சஃபாரி உண்டு. தடோபாவின் வெளிவட்டப் பகுதியில் புலி தென்படுவது அரிதல்ல, அங்கே வண்டிகளும் குறைவு.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். காட்டை ஒட்டிய ஊர்களில், "இரவில் ஜீப்பில் கூட்டிப்போய் யானை காட்டுகிறோம்" என்று அழைப்பவர்கள் வருவார்கள். அனுமதியின்றி இரவில் காட்டுச் சாலைகளில் விளக்கடித்துத் திரிவது சட்டவிரோதம், உங்களுக்கும் விலங்குகளுக்கும் ஆபத்து. பந்திப்பூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படுவது, சக்கரத்தில் அடிபட்டுச் செத்த விலங்குகளின் எண்ணிக்கை பொறுக்க முடியாத அளவுக்குப் போனதால்தான்.

ஜீப்பா, பேருந்தா?

ஆறு பேர் அமரும் திறந்த ஜிப்சி, இருபது பேர் அளவில் ஏற்றும் கேண்டர், தெற்கில் வனத்துறையின் வேன் அல்லது சிறு பேருந்து என்பவையே பெரும்பாலும் கிடைக்கும். வசதி இருந்தால் ஜிப்சியைத் தேர்ந்தெடுங்கள். அது குறுகிய தடங்களில் செல்லும் என்பதைவிட, எங்கே நிறுத்துவது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதை ஆறு பேருக்குள் பேசி முடிவு செய்யலாம் என்பதே அதன் பெரிய பலன். இருபது பேர் கொண்ட வண்டியில் ஒருவர் அமைதியாகக் காத்திருக்க விரும்பினாலும் மற்றவர்கள் "போகலாம், போகலாம்" என்பார்கள். தெரியாதவர்களோடு ஜிப்சியைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தால், புறப்படும் முன்பே எல்லோருடைய விருப்பத்தையும் கேட்டுவிடுவது நல்லது.

ஜிப்சியின் கடைசி வரிசை உயரமானது, பார்வை நன்றாக இருக்கும். ஆனால் குலுக்கலும் அங்கேதான் அதிகம். முதுகுவலி உள்ளவர்கள் நடுவரிசையில் அமரட்டும். கருவுற்ற பெண்கள் இந்தச் சாலைகளில் நான்கு மணி நேரப் பயணத்தைத் தவிர்ப்பதே சரி.

எடுத்துச் செல்ல வேண்டியவை

மண், காய்ந்த புல், இலை ஆகியவற்றின் நிறங்களில் உடுத்துங்கள்; வெள்ளையும் சிவப்பும் பளிச்சிடும் மஞ்சளும் வேண்டாம். நறுமணத் தைலங்களைத் தவிர்த்துவிடுங்கள். குளிர்காலக் காலைகளில் திறந்த வண்டியில் அடிக்கும் காற்று எலும்புவரை குத்தும். ஒரு கனத்த சட்டையைவிட, வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றக்கூடிய இரண்டு மூன்று மெல்லிய உடைகள் மேல். காதை மூடும் குல்லாயும் கையுறையும் கட்டாயம். கோடையில் மூக்கையும் வாயையும் மூடும் பருத்தித் துணி இல்லாவிட்டால் முன்னே செல்லும் வண்டியின் புழுதி முழுவதும் நெஞ்சுக்குள்தான் போகும்.

கேமரா வாங்கப் பணம் ஒதுக்கியிருப்பவர்கள் அதில் ஒரு சிறு பங்கை நல்ல இருகண் நோக்கிக்கு ஒதுக்குமாறு வேண்டிக்கொள்கிறேன். 8x42 அளவுள்ளது கைநடுக்கம் இல்லாமல் பார்க்கவும், விடியற்காலை மங்கிய வெளிச்சத்துக்கும் ஏற்றது. குடும்பத்தில் ஆளுக்கு ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. பறவை பறந்துபோன பிறகு கைமாறுவதில் பயனில்லை. தண்ணீரை உலோகப் பாட்டிலில் கொண்டுசெல்லுங்கள்; நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் பாட்டில்களைச் சோதனைச் சாவடியிலேயே பறிமுதல் செய்வார்கள். ஊட்டி வழியாக முதுமலைக்குச் சொந்த வண்டியில் செல்பவர்களுக்கு நீலகிரிக்கான இ-பாஸ் நடைமுறை இருப்பதையும் மறக்க வேண்டாம். தடோபா உள்ளிட்ட பல காப்பகங்களில் கைப்பேசியை உள்ளே கொண்டுசெல்லவோ பயன்படுத்தவோ அனுமதிப்பதில்லை. விதி இல்லாத இடத்திலும் அதை அணைத்து வைப்பதே நல்லது.

வாயிலிலும் வழிகாட்டியிடமும்

சூரியன் உதிப்பதற்கு முன்பே வாயிலில் இருங்கள். கழிப்பறைக்குச் சென்றுவிட்டு ஏறுங்கள். இடையில் குறிப்பிட்ட ஓரிடத்தைத் தவிர வேறெங்கும் இறங்க விடமாட்டார்கள்.

வாயிலில்தான் உங்களுக்கு ஒரு வழிகாட்டி ஒதுக்கப்படுவார். கன்ஹாவில் அவர் கோண்டு அல்லது பைகா பழங்குடி ஊரிலிருந்து வந்தவராக இருக்கலாம். ஆனைமலையில் காடரோ மலசரோ, முதுமலையில் குறும்பரோ இருளரோ காட்டுநாயக்கரோ இருக்கலாம். அந்தக் காட்டைத் தம் வீட்டுக் கொல்லையைப் போல அறிந்த மனிதரிடம் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "நேற்றுப் புலி வந்ததா?" என்பது. அப்படிக் கேட்டால், இந்த வண்டிக்குப் புலி மட்டும் போதும் என்று அவர் முடிவு செய்துகொள்வார். பின்னர் நான்கு மணி நேரமும் ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்கு வண்டி பறந்துகொண்டே இருக்கும்.

அதற்கு மாறாக, அவர் பெயரைக் கேளுங்கள். எந்த ஊர் என்று கேளுங்கள். "எங்களுக்கு அவசரமில்லை அண்ணா, பறவை, மான், காலடித்தடம் எது இருந்தாலும் நிறுத்திச் சொல்லுங்கள்" என்று சொல்லுங்கள். வடக்கே "பையா" என்று அழைத்து உடைந்த இந்தியில் சொன்னாலும் போதும். இந்த ஒரு வாக்கியம் சஃபாரியின் போக்கையே மாற்றிவிடும். தன் அறிவை மதிக்கிற பயணிக்கு வழிகாட்டி காட்டும் காடும், புலிப்படம் கேட்டு நச்சரிக்கிற பயணிக்குக் காட்டும் காடும் ஒன்றல்ல.

காட்டுக்குள் கேட்க வேண்டியது

முதல் கால்மணி நேரத்தில் தரையைப் பாருங்கள். மென்புழுதி படிந்த சாலையில் நடப்பது புலியின் பாதத்துக்கு இதம் என்பதால், இரவிலும் விடியலிலும் அது நம் சாலைகளையே பயன்படுத்துகிறது. தடத்தில் நகக்குறி இல்லாவிட்டால் அது பூனைக் குடும்பம்; நகம் பதிந்திருந்தால் செந்நாயாக இருக்கலாம். வழிகாட்டி அடுத்துப் பார்ப்பது, புலித்தடம் டயர்க்கோட்டின் மேலே பதிந்திருக்கிறதா, டயர்க்கோடு அதன்மேல் ஓடியிருக்கிறதா என்பது. டயர்க்கோட்டின்மேல் தடம் விழுந்திருந்தால் முந்தைய வண்டி போன பிறகு அது இங்கே நடந்திருக்கிறது. அந்த நொடியில் அவர் ஓட்டுநரின் தோளைத் தொட்டு இயந்திரத்தை நிறுத்தச் சொல்வார்.

இயந்திரம் நின்ற பிறகுதான் சஃபாரி தொடங்குகிறது என்பேன். வண்டியின் இரைச்சல் அடங்கியதும் இரண்டொரு நிமிடம் காதில் எதுவும் விழாது. பிறகு ஒவ்வொன்றாக வரும்: மரங்கொத்தி தட்டுவது, காட்டுக்கோழியின் கூவல், சருகில் எதுவோ நகர்வது. இதற்கிடையில் நீங்கள் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியது எச்சரிக்கைக் குரல்.

புள்ளிமானும் சாம்பல் மந்தியும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். மரத்திலிருந்து மந்தி உதிர்க்கும் இலையையும் பழத்தையும் மான் தின்னும். உயரத்திலிருந்து மந்தி காண்பதையும் கீழிருந்து மான் மோப்பத்தில் அறிவதையும் இரண்டும் பகிர்ந்துகொள்ளும். புலியோ சிறுத்தையோ அசைவது தெரிந்ததும் மந்தி தொண்டையைச் செருமுவது போல விட்டு விட்டுக் கத்தும். புள்ளிமான் கூர்மையான ஒற்றைக் குரல் எழுப்பி முன்காலைத் தரையில் தட்டும்; அதன் வால் செங்குத்தாக நிற்கும். ஆனால் புள்ளிமான் சில சமயம் ஒன்றுமில்லாததற்கும் பதறும். வழிகாட்டிகள் அதிகம் நம்புவது கடமானின் குரலை. பெரிய தகரத்தில் தட்டியது போல் "டாங்க்" என்று ஒலிக்கும் அது, கொல்விலங்கை உறுதியாக அறிந்தாலொழியப் பெரும்பாலும் எழாது. கடமான் திரும்பத் திரும்பக் கத்தினால் எதுவும் பேசாதீர்கள், கையை நீட்டிக் காட்டாதீர்கள். எல்லா மான்களின் முகமும் எந்தத் திசையை நோக்கியிருக்கின்றன என்று பாருங்கள். நீங்களும் அங்கேயே பாருங்கள்.

இங்கேதான் பொறுமை சோதிக்கப்படுகிறது. குரல் ஐந்து நிமிடத்தில் அடங்கிவிட்டால் பல வண்டிகள் கிளம்பிவிடும். படுத்திருக்கும் புலியை மான் பார்க்க முடியாமல் போனாலும் குரல் அடங்கும்; புலி அங்கேயே இருக்கும். இன்னும் இருபது நிமிடம் இருக்கலாமா என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் காரணம் இருக்கும். இருக்கலாம் என்றால் இருங்கள்.

காற்றில் வேகவைத்த பாஸ்மதி அரிசியின் மணம் வந்தால் வியக்க வேண்டாம். எல்லையைக் குறிக்கப் புலி மரத்தின்மீது பீச்சும் நீரில் அந்த அரிசிக்கு மணம் தரும் அதே வேதிப்பொருள் உள்ளது. சாலையோரம் சாய்ந்து நிற்கும் மரங்களின் அடிப்புறத்தில் நகம் கிழித்த கோடுகளையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

விலங்கு எதிரே வந்துவிட்டால்

வண்டிக்கும் விலங்குக்கும் இடையே குறைந்தது 20 மீட்டர் இருக்க வேண்டும் என்பது நெறிமுறை. விலங்கே நம்மை நோக்கி வந்தால், அதற்கு வழி திறந்திருக்கும்படி வண்டியைப் பின்னோக்கி எடுப்பது ஓட்டுநரின் கடமை. "இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போங்கள், பணம் தருகிறேன்" என்று ஓட்டுநரைத் தூண்டுவது அவருடைய பிழைப்புக்கே உலை வைப்பதாகும். விதியை மீறினால் அனுமதி பறிபோவது அவருக்குத்தான். புலி சாலையைக் கடக்க நின்றுகொண்டிருக்கையில் முன்னும் பின்னும் வண்டிகள் அடைத்துக்கொண்டு நிற்பது நம் காப்பகங்களில் அடிக்கடி காணும் வேதனையான காட்சி. நீங்கள் இருக்கும் வண்டியாவது விலகி நிற்கட்டும் என்று உரக்க அல்ல, மெதுவாக ஓட்டுநரிடம் சொல்லுங்கள்.

தென்னிந்தியக் காடுகளில் உண்மையில் அஞ்ச வேண்டியது புலியை விட யானையை. காதை விசிறிக்கொண்டு, வாலைத் தளர்வாக ஆட்டியபடி மேய்கிற யானை நம்மைப் பொருட்படுத்தவில்லை. மேய்வதை நிறுத்தி, காதை விரித்து அசையாமல் பிடித்து, துதிக்கையை உயர்த்தி நம் பக்கம் மோப்பம் பிடித்தால் அது நம்மை எடைபோடத் தொடங்கிவிட்டது என்று பொருள். குட்டியுடன் உள்ள கூட்டம், கண்ணுக்கும் காதுக்கும் இடையில் மதநீர் வழிந்து கறுத்த கோடு தெரியும் ஆண் யானை ஆகியவற்றுக்கு அருகில் நிற்கவே வேண்டாம். யானை சில அடி ஓடிவந்து புழுதியைக் கிளப்பி நின்றுவிடுவதும் உண்டு. அது வெறும் மிரட்டலா, நிஜமான தாக்குதலா என்று தீர்மானிக்கும் பொறுப்பை ஓட்டுநரிடம் விட்டுவிடுங்கள். அலறுவதும், எழுந்து நிற்பதும், பளிச்சென்று ஒளி வீசிப் படமெடுப்பதும் எந்த நிலையிலும் கூடாது.

குரங்குக்கு பிஸ்கட் போடுவது இரக்கம் போலத் தெரியும். அது குரங்கைச் சாலையில் உட்காரப் பழக்குகிறது. பிறகு அங்கேயே அது அடிபட்டுச் சாகிறது. 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, சரணாலயத்தில் விலங்கைச் சீண்டுவதையும் தரையில் குப்பை போடுவதையும் ஒரே வாக்கியத்தில் தடை செய்கிறது. ஆரஞ்சுத் தோலும் குப்பைதான்.

திரும்பியபின்

உடையைக் கழற்றியதும் முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கர்நாடகம், வயநாடு பகுதிகளில் வறண்ட மாதங்களில் உண்ணி வழியாகக் குரங்குக் காய்ச்சல் பரவுவதுண்டு. சென்று வந்த சில நாட்களில் கடும் காய்ச்சலும் தலைவலியும் வந்தால் காட்டுக்குச் சென்றதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் அன்பளிப்பு தருவதென்றால் புலி தென்பட்டதா இல்லையா என்பதை வைத்து அளக்க வேண்டாம். அவர்கள் உழைப்பு இரண்டு நாளும் ஒன்றே. புலிக்குத்தான் பணம் என்று பழகிவிட்டால், அடுத்த முறை அவர்கள் அதை விரட்டத்தான் செய்வார்கள்.

படங்களைச் சமூக வலைத்தளத்தில் இடும்போது காட்டின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்தக் குளம், எந்தத் தடம், எத்தனை மணி என்ற விவரங்கள் வேட்டைக்காரருக்கும் பயன்படும்; குட்டியுடன் உள்ள பெண்புலியின் இருப்பிடம் வெளியானால் மறுநாளே அங்கே வண்டிகள் குவியும்.

ஒரு பயணத்தில் மூன்று காடுகளைத் தொட்டுவரத் திட்டமிடுவதைவிட, ஒரே காட்டில் நான்கு வேளை செல்வதையே புதியவர்களுக்குச் சொல்வேன். முதல் வேளை கண் பழகுவதற்குள் முடிந்துவிடும். இரண்டாவதில் சாலைகள் பிடிபடும். மூன்றாவதில் கடமானின் குரலை வழிகாட்டி சொல்லும் முன்பே நீங்கள் அடையாளம் காண்பீர்கள். விதி இடம் கொடுக்கும் வாயில்களில் முந்தைய நாளின் வழிகாட்டியையே மீண்டும் கேட்டுப் பாருங்கள். நேற்று விட்ட இடத்திலிருந்து அவர் தொடங்குவார்.